புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'ரெஃபரன்ஸ்' பகுதியை எழுதுவது எப்படி?

ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கம் நடந்தால் கோச்சிங் சென்டர் போர்டுகளுக்கு நடுவே 'ஐ-ட்ரிபிள்-இ புராஜெக்ட்ஸ்' என்ற விளம்பரங்களும் கண்ணில் படும். கோடிங், டெமோ எல்லாவற்றுக்கும் அங்கே உதவி கிடைக்கும். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக், எம்பிஏ படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தவறினால் என்ன ஆகும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10% வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10%-க்கு மேல் 40% வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40%-க்கு மேல் 60% வரை என்றால், திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டு தடை. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து.

மூலத்தைச் சொல்லி மேற்கோளாகக் காட்டிய பகுதியும், ரெஃபரன்ஸ் பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. அதாவது, ஒழுங்காக மூலம் காட்டுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

எந்த ஸ்டைல்?

பொறியியலில் பெரும்பாலும் ஐ-ட்ரிபிள்-இ. மேலாண்மை, உளவியல் போன்ற துறைகளில் ஏபிஏ. எது வேண்டும் என்பதை உங்கள் துறையிடம் கேட்டுவிடுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது.

சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஐ-ட்ரிபிள்-இ முறையில், வாக்கியத்துக்குள் [1] என்று எண் மட்டும் வரும். பட்டியலில் 'சி. வி. ராமன்' என இனிஷியல் முதலில், ஆண்டு கடைசியில். ஏபிஏ-வில் வாக்கியத்துக்குள்ளேயே (ராமன் & கிருஷ்ணன், 1928) என்று வரும். பட்டியலில் 'ராமன், சி. வி.' எனப் பெயர் முதலில். ஆசிரியர்களை அடுத்து ஆண்டு. ஐ-ட்ரிபிள்-இ பட்டியல், கட்டுரையில் மூலங்கள் வரும் வரிசையில் இருக்கும். ஏபிஏ பட்டியல் அகர வரிசையில்.

நம்ம ஊர் பெயர்களில் கவனம்

ஸோட்டெரோ, மெண்டலே போன்ற இலவச மென்பொருள்கள் பட்டியலைத் தானே தயாரித்துத் தரும். ஆனால் 'கார்த்திக் எஸ்' என்று இருந்தால், அப்பா பெயரின் முதலெழுத்தான 'எஸ்'ஸையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஏபிஏ-வில் அது 'எஸ், கே.' ஆகிவிடும். அப்புறம் அந்த ஆசிரியரை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. அச்சான கட்டுரையில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, கையால் திருத்துங்கள்.

இணைய மூலமும் ஏஐ-யும்

இணையதள லிங்க் நாளை மாறலாம். கட்டுரைக்கு டிஓஐ எண் இருந்தால் அதையே கொடுங்கள். லிங்க் மாறினாலும் அது சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்.

சாட்ஜிபிடி தரும் ரெஃபரன்ஸை அப்படியே ஒட்டாதீர்கள். அது உருவாக்கிய, உண்மையில் இல்லாத வழக்குகளைத் தாக்கல் செய்ததற்காக, 2023-ல் நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

சமர்ப்பிக்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள்: உள்ளே குறிப்பிட்ட ஒவ்வொரு மூலமும் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்த்தீர்களா?