சாவி வாங்கிய பிறகு

நான் ஓட்டுவது மோட்டார் சைக்கிள் இல்லை என்கிறது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளை இரண்டு சக்கர வாகனம் என்றுதான் வரையறுக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய சைடுகார் இருந்தால், அதன் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் பெரிய மனதோடு சேர்த்துக்கொள்கிறது. சைடுகாரில் சும்மா உட்கார்ந்து வருபவருக்குக் கிடைத்த இடம், பக்கச் சக்கரம் பூட்டித் தானே ஓட்டுகிறவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு அதே சட்டத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று தனிப் பெயர். நம் ஊரில் இன்வாலிட் என்ற சொல்லைச் செல்லாத டிக்கெட்டுக்கும் செல்லாத ஓட்டுக்கும்தான் சொல்வோம். 2019இல் வந்த திருத்தம்தான் 'அடாப்டெட் வெஹிக்கிள்', அதாவது மாற்றியமைத்த வாகனம், என்ற சொல்லைக் கொண்டுவந்தது.

அந்தப் பழைய வரையறையில் ஒரு வேடிக்கை உண்டு. இன்வாலிட் கேரேஜ் என்றால் உடல் குறைபாடு உள்ளவருக்கென்றே வடிவமைத்துக் கட்டிய வண்டியாக இருக்க வேண்டுமாம்; இருக்கிற வண்டியை மாற்றியமைத்தது மட்டும் போதாதாம். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் எங்கள் வண்டிகளோ, கடையில் வாங்கிய கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பட்டறையில் மாற்றியமைத்தவை. சட்டத்தின் ஒரு வரியில் இடமில்லாமல், அடுத்த வரியிலும் இடமில்லாமல் நாங்கள் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறோம்.

ஊர் இதை 'மூன்று சக்கர வண்டி' என்கிறது. குனிந்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் நான்கு இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் எஞ்சின் சுழற்றும் ஒன்று, அதன் இருபுறமும் தாங்குவதற்கு இரண்டு. அரசாங்கத் தாள்களில் 'இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்'. வண்டிக்கு இத்தனை பெயர் இருக்கிறது. ஓட்டுகிற பெண்ணுக்குத்தான் ஒரே பெயர்: பயனாளி.

மூன்று சக்கர மோட்டார் வண்டியின் வரலாற்றில் முதல் நெடும்பயணம் போனவள் ஒரு பெண். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்கள்தான். தனக்கு வர வேண்டிய சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே அவருடைய தொழிலில் போட்டவர் பெர்த்தா. வண்டி தயாராகியும் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவருக்குச் சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு அதை ஓட்டிப் போனார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எரிபொருளை வழியிலிருந்த மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த மரப் பிரேக்குக்கு ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து ஆணியடித்து வாங்கினார். மேட்டில் வண்டி ஏறாமல் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததால், வேகம் குறைந்த இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார். அதே ஆண்டு மியூனிக் கண்காட்சியில் வண்டி வைக்கப்பட்டுத் தங்கப் பதக்கம் பெற்றது. பதக்கம் பென்ஸ் பெயருக்குத்தான் போனது.

இந்தக் கதையைத் துணிச்சலான மனைவியின் கதையாகவே சொல்வது வழக்கம். எனக்கு அதில் பிடித்தது பிரேக்கும் கியரும்தான். ஓட்டிப் பார்த்தவளுக்குத்தான் வண்டியில் என்ன குறை என்று தெரிந்தது.

இரண்டாவது கதை பிரிட்டனில் நடந்தது. பெர்ட் கிரீவ்ஸ் என்ற மெக்கானிக், கால்கள் செயலிழந்த தன் உறவினர் டெரி பிரெஸ்டன்-காபின் சக்கர நாற்காலியில் ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தினார். இருவருமாகச் சேர்ந்து இன்வாகார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கிரீவ்ஸ் என்ற பெயரில் பந்தய மோட்டார் சைக்கிள்கள் பிறந்ததும் அதே வீட்டிலிருந்துதான். அரசாங்கம் இந்த மூன்று சக்கர வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி ஊனமுற்றவர்களுக்கு இரவல் கொடுத்தது. எல்லாம் ஒரே வெளிர் நீலம். தெருவில் வரும்போதே யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். அதில் ஒரே ஒரு இருக்கை. வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது விதி.

பெண்கள் இந்த விதியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய் அந்த வண்டியில் எங்கே போவாள்? ஊனமுற்றவர் என்றால் தனி ஆள், அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் பிறர் இருப்பார்கள், அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய யாரும் இருக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தவர்கள் வடிவமைத்த வண்டி அது. 1974இல் லேடி ஷார்ப் கொடுத்த அறிக்கை அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. 2003 மார்ச் 31க்குப் பிறகு அந்த வண்டிகள் பிரிட்டன் சாலைகளில் ஓடக் கூடாது என்றானது.

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்ணுக்குக் கால் வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டுத் தறியிலிருந்துதான் சொல்ல வேண்டும். இங்கே குழித்தறி. நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கை எவ்வளவு தேர்ந்ததானாலும் கால் இல்லாமல் தறியில் உட்கார முடியாது. கூலியோ தறியில் உட்காருகிறவர் கணக்கில்தான் வரும். போலியோ வந்த பெண்ணுக்கு ராட்டை கிடைக்கும். தார் சுற்றலாம், நூல் இழைக்கலாம், ஜரிகை சிக்கெடுக்கலாம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அப்பா தறியில், நானும் அம்மாவும் ராட்டையில். ஒரு சேலைக்கான தாரை முழுவதும் நாங்களே சுற்றினாலும் சொசைட்டி பாஸ்புக்கில் எங்கள் பெயர் ஏறியதில்லை. அம்மாவுக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1991, 1992இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் ஓட்டும் சைக்கிளே அவர்களில் பலருக்குப் பிடித்திருந்தது, முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். இங்கேயும் வண்டியின் குணத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஓட்டியவர்களே. தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் நான் மிகவும் நேசிக்கும் ஊர்வலம் அது. ஆனால் சைக்கிளை மிதிக்கக் கால் வேண்டும். என் போன்றவர்களுக்கு அப்போது கையால் சுழற்றும் மூன்று சக்கர சைக்கிள்தான். வெயிலில் சுழற்றிக்கொண்டு போனால் ராஜ வீதி வருவதற்குள் தோள் கழன்றுவிடும். தாவணி சங்கிலியில் மாட்டும். ஏதாவது மேடு வந்தால் நின்று, போகிற ஆண்களில் யாரை 'அண்ணா, கொஞ்சம் தள்ளிவிடுங்க' என்று கேட்கலாம் எனப் பார்க்க வேண்டும். கேட்கக்கூடிய முகம் எது, கூடாத முகம் எது என்று கற்றுக்கொண்டதுதான் எனக்கு அந்த வண்டி தந்த படிப்பு.

பிறகு ஸ்கூட்டர் வந்தது. அரசுத் திட்டம் இல்லாமல் எங்களில் பெரும்பாலோர் அதை வாங்கியிருக்க முடியாது. அந்தத் திட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், வாகனங்களை மாற்றியமைப்பதற்கான திட்டங்களை அரசு உருவாக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. எனக்கு ஒத்துவராதது சாவி வாங்கும் புகைப்படம். மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும், ஒருவர் பெரிய அட்டைச் சாவியை நீட்டுவார், நாம் உட்கார்ந்தபடி கும்பிட வேண்டும். மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் வரும். அதற்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பெண் எங்கெல்லாம் போனாள் என்று படமெடுக்க யாரும் வருவதில்லை.

சாவி வாங்கிய பிறகுதான் வண்டியைப் பற்றிய உண்மைகள் தெரியவரும். இரு சக்கர வண்டி வளைவில் தானே சாயும். பக்கச் சக்கரம் பூட்டிய வண்டி சாயாது. வளைவில் நம்மை வெளிப்பக்கம் தள்ளும், நாம்தான் உள்பக்கம் உடலைச் சாய்க்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. அதைவிட மோசமானது பள்ளம். இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் நின்று, நடுவிலுள்ள பின் சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கினால் எஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தேர் போன தடத்திலும், குழாய்க்குத் தோண்டி மூடாத தெருவிலும் இப்படி நான் நின்றது கணக்கில்லை.

பட்டறை அண்ணன் முதலில் பூட்டிக் கொடுத்தது ஒரே இரும்புத் தண்டில் இரண்டு சக்கரம். நான் அவர் தரையிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டி, இரண்டு பக்கமும் தனித்தனிக் கையும் தனித்தனி ஷாக் அப்சார்பரும் வேண்டும் என்று கேட்டேன். "டீச்சர், கணக்கு வாத்தியாரா நீங்க?" என்றார். தமிழ் என்றேன். மூன்று முறை வெட்டி ஒட்டிய பிறகு சரியாக வந்தது. ஊன்றுகோல் வைக்கப் பிவிசி குழாய், பின் இருக்கையில் மகளுக்கு முதுகுச் சாய்மானம், காலடியில் சேலைப் பெட்டி வைக்க அகலமான தட்டு. செலவு என் சம்பளத்தில்.

இந்த வண்டியைக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். முதலாவது ஒரு தேர்தல் விழிப்புணர்வுப் பேரணி. எங்களை முன்வரிசையில் விட்டார்கள், கையில் பதாகை கொடுத்தார்கள். பதாகையைப் பிடித்துக்கொண்டு எப்படி ஆக்சிலரேட்டரைத் திருகுவது என்று கேட்டேன். பக்கத்தில் நடந்துவர ஒரு என்சிசி மாணவியை அனுப்பினார்கள். அவள் நடையின் வேகத்தில் ஊர் முழுவதும் உருட்டினோம்.

இரண்டாவது, ஒரகடம் பக்கம் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் பேரணி. அந்தப் பகுதி முழுக்க வாகனத் தொழிற்சாலைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலையில் பைக் கூட்டங்கள் சாதாரணம். மாற்றியமைத்த வண்டிகளுக்கென்று தனி வரிசை இருந்தது. டேங்கை நீட்டியவை, ஹேண்டில்பாரை உயர்த்தியவை. இரண்டு பின் சக்கரம் பூட்டிப் பெரிய எஞ்சினோடு ஒரு மூன்று சக்கர வண்டியும் இருந்தது. அதைச் சுற்றி எப்போதும் இருபது பேர். பக்கத்திலேயே என் வண்டி. மைக்கில் பேசியவர் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னபோது எஞ்சின் அளவு, டயர் அகலம், கட்ட ஆன மாதங்கள் எல்லாம் சொன்னார். என்னிடம் வந்ததும் 'தன்னம்பிக்கையின் சின்னம்' என்றார், எல்லாரும் கைதட்டினார்கள், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூட்டம் கலைந்தபின் எண்ணெய்க் கையோடு ஒரு பையன் வந்து குனிந்து பார்த்தான். "அக்கா, இது தனித்தனியா ஏறி இறங்குதா? யார் ஐடியா?" என்று கேட்டான். என்னுடையது என்றேன். "வளைவுல தூக்காதா?" தூக்கும், இருபத்தைந்துக்கு மேல் போனால் தூக்கும் என்றேன். அரை மணி நேரம் பேசினோம். அன்று என் காலைப் பற்றிக் கேட்காமல் பேசியவன் அவன் ஒருவன்தான். அவனுடைய படம் என்னிடம் இல்லை, என்னுடையதும் அவனிடம் இல்லை.

வாகனங்களைத் தெருவில் அலங்கரித்துக் காட்டுவது காஞ்சிபுரத்துக்கு ஒன்றும் புதிதில்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு விடியுமுன்பே தெரு நிறைந்துவிடும். தோளில் சுமப்பவர்கள் ஆண்கள். பெண்கள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருப்பார்கள். வாகனம் என்றால் பெண் பார்க்கிறவள் என்ற பழக்கம் கோயிலோடு நிற்பதில்லை. ஒரகடத்து வரிசையில் நிறுத்தப்பட்ட வண்டிகளில் பெண் ஓட்டி வந்தது என்னுடையது மட்டும்தான்.

இந்த வகை வண்டிகளை வடிவமைக்கிற இடத்துக்கும் ஒரு பெண் வந்திருக்கிறார் என்பதால் ஐஐடி மெட்ராஸைச் சொல்ல வேண்டும். இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் ஆய்வு மையத்திலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021இல் 'நியோபோல்ட்' என்ற கருவியை வெளியிட்டது. சக்கர நாற்காலியின் முன்னால் அதை மாட்டினால் நாற்காலியே பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டியாகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். போன இடத்தில் கழற்றிவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம். என் ஸ்கூட்டரில் இது முடியாது. ரேஷன் கடை வாசல் வரைக்கும்தான் அது, அதற்கப்பால் ஊன்றுகோல். ஆனால் அதில் மகளை ஏற்ற முடியாது. இன்வாகாரின் கேள்வி அங்கேயும் மிச்சமிருக்கிறது.

இந்தியாவில் கடைசியாகக் காட்டுப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். எங்கள் தலைமுறையோடு போலியோக் கால் முடிந்துவிடும். வண்டியின் தேவை முடியாது. சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் தசைச் சிதைவு உள்ளவர்களும் இப்போது அதே பட்டறைக்கு வருகிறார்கள். அவர்களில் இரண்டு பெண்களுக்கு என் வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இருவரும் முதலில் கேட்டது ரிவர்ஸ் கியர். எனக்கும் அது இல்லை. சந்தில் முட்டிக்கொண்டால் இன்றைக்கும் யாரையாவது கூப்பிட்டுத்தான் பின்னால் இழுக்க வேண்டும், அந்தப் பழைய முகம் பார்க்கும் வேலை அங்கே மட்டும் தொடர்கிறது. பக்கச் சக்கரத்தில் தனியாக ஒரு சின்ன மோட்டார் வைத்துப் பின்னோக்கிச் சுழற்றலாமா என்று பட்டறை அண்ணனிடம் வரைந்து கொடுத்திருக்கிறேன். பேட்டரி தாங்காது என்கிறார். சனிக்கிழமை மறுபடி போகிறேன்.