ஆதனும் அடுத்த பெஞ்சுக்காரனும்: தமிழ்ச் சிறார் நாவலில் வரலாறும் தோழமையும்

2025இல் ஒரு கைபேசிக் காணொளி கூமாப்பட்டியை நாடறியச் செய்தது. பிளவக்கல் அணையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் திரண்டார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று நீளும் இந்த மலையடிவாரத்துக்கும் அதை அடுத்த கரிசல் காட்டுக்கும் தமிழ்ச் சிறார் இலக்கிய வரலாற்றில் இருக்கும் பங்கு அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை.

இளையோர் வாசிப்பில் வரலாறும் நட்பும் நெடுங்காலம் ஒட்டாமலே இருந்தன. 1941இல் ‘கல்கி’ இதழ் தொடங்கியதும் அதில் வெளிவந்த ‘பார்த்திபன் கனவு’ பெரியவர்களுக்கான தொடர்தான்; ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். வரலாறு என்றால் அரண்மனை, ஒற்றன், சபதம் என்ற பழக்கம் அங்கே வேர்பிடித்தது. நட்புக் கதைகள் வேறு வழியில் வந்தன. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்த அழ. வள்ளியப்பாவும் அவர் தலைமுறையினரும் எழுதிய கதைகளில் தோழர்கள் நல்லவர்கள், ஆசிரியர் சொல் கேட்பவர்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கு வந்தார்கள் என்பதைப் பெரும்பாலான கதைகள் கேட்கவில்லை. அது அக்காலத்து இலட்சியவாதம். குறை சொல்வது எளிது.

இவ்விரண்டையும் முதலில் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தவை நாவல்கள் அல்ல, சிவகாசியில் அச்சான காமிக்ஸ்கள் என்பது என் கருத்து. 1972இல் சௌந்தரபாண்டியன் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸைத் தொடங்கினார், 1984இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். டெக்ஸ் வில்லரும் கார்சனும் ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொண்டே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் தோழமையும், கேப்டன் டைகர் வழியே அமெரிக்க உள்நாட்டுப் போரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அத்துபடியாயின. அரிசோனாவின் செவ்விந்தியக் குடிகளின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பையனுக்குப் பக்கத்து மலையின் பளியர்களைப் பற்றிப் படிக்க என்ன இருந்தது? பாடப்புத்தகத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அந்த மலையை எழுத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டம் முக்கியமானவர். காட்டையும் அதில் வாழ்வோரையும் அவர் பெரியவர்களுக்கும் எழுதினார், சிறுவர்களுக்கும் எழுதினார். ‘காட்டுக்குள்ளே இசை விழா’ நூலுக்கு 2012இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது.

வரலாறும் நட்பும் நாவலிலேயே கூடியதற்குக் கீழடி காரணம். 2014–15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2019இல் வெளியான அறிக்கை அவ்விடத்தின் காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்தவை சிறு பொருட்கள்: தாயக்கட்டை, சில்லு, சுடுமண் உருவம், ‘ஆதன்’ என்று கீறிய பானை ஓடு. கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கர் இந்தப் பொருட்களிலிருந்தே ‘ஆதனின் பொம்மை’யை எழுதினார். இன்றைய சிறுவன் ஒருவனுக்கு அன்றைய ஆதன் தோழனாகிறான். அரசன் தேவைப்படாத வரலாற்று நாவல் இது. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கல்வெட்டும் மெய்க்கீர்த்தியும் மன்னர்களையே முன்னிறுத்தின. விளையாட்டுச் சாமான்கள் கிடைத்த பிறகு பிள்ளைகள் கதைக்குள் வந்தார்கள்.

நட்புக் கதையும் இதே காலத்தில் முகம் மாறியது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ என்ற சிறுநூல், மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பேசுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதிப் பகையால் சக மாணவர்களால் வெட்டப்பட்டான். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தென்மாவட்டப் பள்ளிகளில் அடுத்த பெஞ்சுக்காரனோடு நட்பாவது இனி வெறும் நல்லொழுக்கப் பாடம் அல்ல.

இவ்விரு இழைகளும் சேரக்கூடிய பெருங்கதை ஒன்று ராஜபாளையத்துக்குத் தெற்கே நெற்கட்டும்செவலில் இருக்கிறது. பாளையக்காரர் பூலித்தேவரும் வேறு சாதியில் பிறந்த அவர் தளபதி ஒண்டிவீரனும் 1750களில் தோளோடு தோள் நின்று போரிட்டவர்கள். இளையோருக்கான நாவலாசிரியர் இதை மன்னன்–தளபதி கதையாக எழுதினால் பழைய அரண்மனைக்கே திரும்புவார். தோழமைக் கதையாக எழுத இன்றைய ஊரின் சாதிப் பிளவைக் கடந்தாக வேண்டும். ஒண்டிவீரன் நினைவு நாள் ஆகஸ்ட் 20, பூலித்தேவர் பிறந்தநாள் செப்டம்பர் 1. இடையில் பன்னிரண்டே நாள். இரண்டையும் ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது.