முதுமுனைவர் ஆய்வு உதவித்தொகை: இளம் உயிரியல் விஞ்ஞானிகள் தனித்து இயங்க வழி என்ன?

முனைவர் பட்டம் பெற்ற உயிரியல் ஆய்வாளர் தமக்கென ஓர் ஆய்வகத்தை அமைப்பதற்கு முன் கடக்க வேண்டிய கட்டம் முதுமுனைவர் ஆய்வு. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்ட நிதியில் ஊதியம் பெற்றுப் பணியாற்றுவது ஒன்று. தமது பெயரிலேயே உதவித்தொகை பெறுவது மற்றொன்று.

முதல் வழியில் திட்டம் முடிந்தால் பணியும் முடியும். ஆய்வின் திசையைப் பேராசிரியரே தீர்மானிப்பார். இரண்டாவது வழியில் ஆய்வாளரின் சொந்த முன்மொழிவே தேர்வு செய்யப்படுகிறது. தனித்து இயங்குவதற்கான தொடக்கம் இதுவே.

உயிரியல் ஆய்வில் காலமும் ஆய்வு மானியமும் மாத உதவித்தொகைக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. விலங்குகளில் நடைபெறும் சோதனைகளும் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வுகளும் முடிவு தரப் பல ஆண்டுகள் ஆகும். வேதிப்பொருள்கள், கருவிகளுக்கான செலவும் அதிகம்.

முக்கியத் திட்டங்கள்

* தேசிய முதுமுனைவர் உதவித்தொகை: அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் தொடங்கிய இத்திட்டம், தற்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் உள்ளது. காலம் 2 ஆண்டுகள். ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு நடைபெறும்.

* எம்.கே. பான் இளம் ஆய்வாளர் உதவித்தொகை: உயிரித் தொழில்நுட்பத் துறையின் முன்னாள் செயலாளர் பெயரில் அத்துறை வழங்குவது. 35 வயதுக்கு உட்பட்டோருக்கு 3 ஆண்டுகளுக்குத் தனி ஆய்வு மானியம் கிடைக்கும்.

* இன்ஸ்பயர் ஆசிரியர் உதவித்தொகை: அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை 5 ஆண்டுகளுக்கு வழங்குகிறது.

* ராமலிங்கசுவாமி மறுநுழைவு உதவித்தொகை: வெளிநாடுகளில் பணியாற்றும் இந்திய விஞ்ஞானிகள் நாடு திரும்புவதற்கானது.

இந்தியா அலையன்ஸ்

உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008-09-ல் தொடங்கிய உயிரிமருத்துவ ஆராய்ச்சித் திட்டம், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா அலையன்ஸ் அமைப்பு வாயிலாகச் செயல்படுத்தப்படுகிறது. தொடக்கநிலை, இடைநிலை எனப் படிப்படியாக உதவித்தொகைகள் அமைந்திருப்பதால், ஓர் ஆய்வாளர் ஒரு கட்டத்தின் முடிவுகளைக் கொண்டு அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பிக்க முடிகிறது.

இதன் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. மொத்த மதிப்பீடான ரூ.1,500 கோடியில் உயிரித் தொழில்நுட்பத் துறை ரூ.1,000 கோடியும் வெல்கம் அறக்கட்டளை ரூ.500 கோடியும் ஏற்கின்றன. 2030-31 வரை புதிய உதவித்தொகைகள் அனுமதிக்கப்படும். அவற்றுக்கான நிதி 2037-38 வரை தொடரும்.

நிரந்தரப் பணி உறுதி இல்லை

இந்த உதவித்தொகைகள் எதுவும் நிரந்தரப் பணிக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. காலம் முடிந்ததும் பல்கலைக்கழகம் அல்லது ஆய்வு நிறுவனத்தின் பணியிடத்துக்குப் பிறருடன் போட்டியிட்டே தேர்வாக வேண்டும். அப்போது தேர்வுக் குழு எடைபோடுவது, வழிகாட்டியைச் சாராமல் அவர் முன்னெடுத்த ஆய்வையும் தாமே ஈட்டிய நிதியையும்தான்.

ஆகவே, விண்ணப்பிப்போர் மாதத் தொகையை மட்டும் ஒப்பிடாமல், ஆய்வு மானியம் யார் பெயரில் வழங்கப்படுகிறது, எத்தனை ஆண்டுகள் நீடிக்கும், ஏற்கும் நிறுவனம் ஆய்வக இடமும் கருவி வசதியும் அளிக்குமா என்பவற்றை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது அவசியம்.