மின்கார்: ஒரு முதல் தோல்வியின் வரலாறு

மின்சாரத்தில் ஓடும் காரை இருபத்தோராம் நூற்றாண்டின் புதுவரவு என்றே நம்மில் பலர் கருதுகிறோம். பெட்ரோல் கார் நிறுவனங்கள் மூத்தவை, அவற்றை எதிர்க்க வந்த இளையது மின்கார் என்பது நம் எண்ணம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

1899 ஏப்ரலில் பாரிஸ் அருகே அஷேர் என்னும் ஊரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீய் ஜெனாட்ஸி ஓட்டிய கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. அவ்வேகத்தைக் கடந்த முதல் கார் அதுவே. அது மின்கலத்தால் ஓடியது. 1900 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் இருந்த மோட்டார் வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்வண்டிகள். நீராவி வண்டிகளும் பெட்ரோல் வண்டிகளும் எஞ்சிய இடத்தைப் பகிர்ந்துகொண்டன.

காரணம் எளிது. மின்காரில் புகை இல்லை, இரைச்சல் இல்லை, கியர் மாற்றும் தொல்லை இல்லை. பெட்ரோல் வண்டியைக் கிளப்ப முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். பெட்ரோல் காரை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்காரைத்தான் ஓட்டினார்.

பிறகு ஏன் தோற்றது? 1901இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் சுமார் 850 டாலருக்கு விற்ற ஃபோர்டின் 'மாடல் டி', தொடர் பொருத்துமுறையின் பயனால் 1925இல் 260 டாலருக்கு இறங்கியது. நகரங்களுக்கு வெளியே மின்சாரமும் இல்லை. 1930களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்இணைப்பு இருந்தது. மின்கார் நிறுவனங்களோ தம் வண்டியைப் பெண்களுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்து, ஆண்கள் தயங்கும்படி தாமே வேலி கட்டிக்கொண்டன.

இறுதி அடி விழுந்தது 1912இல். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் காரில் பொருத்தியது. ஒரு சிறு மோட்டாரும் ஒரு மின்கலமும் கைப்பிடியை ஒழித்தன. மின்காரின் தனிச்சிறப்பையே பெட்ரோல் கார் கடன் வாங்கி, அதைக் கொண்டே மின்காரை வென்றது.

அந்நிறுவனமே 1996இல் 'இவி1' என்னும் மின்காரைக் கொண்டுவந்தது நினைக்கத்தக்கது. புகையற்ற கார்களை விற்றாக வேண்டும் என்று கலிஃபோர்னியா 1990இல் இட்ட விதியே அதற்குத் தூண்டுதல். காரை விற்கவில்லை, குத்தகைக்கே விட்டது. விதி தளர்ந்தபின் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்தது. வைத்துக்கொள்ள விரும்பியவர்களின் வேண்டுகோள் எடுபடவில்லை.

2003இல் அத்திட்டம் முடிவுற்றது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் டெஸ்லா தொடங்கப்பட்டது. 1995இல் மின்கலத் தயாரிப்பில் இறங்கிய சீனாவின் பிஒய்டி, கார்த் தொழிலில் நுழைந்ததும் 2003இல்தான். மூத்த நிறுவனம் கைவிட்ட களத்தில் வேறிருவர் கால் வைத்தனர்.

சிறந்த பொறியே வெல்லும் என்று நம்ப நாம் விரும்புகிறோம். ஆனால் எண்ணெயின் விலையும், ஊர்களுக்குச் சென்று சேராத மின்கம்பியும், ஓர் அரசின் விதியும், விளம்பரச் சொல்லும் பொறிக்கு நிகராக இப்போட்டியைத் தீர்மானித்திருக்கின்றன. இன்றைய போட்டியைக் காணும்போதும் காரை மட்டும் பார்த்தால் போதாது; அதைச் சூழ்ந்திருக்கும் இவற்றையும் நாம் பார்க்க வேண்டும்.