பல்லடைத்த உலோகமும் எலும்பின் சாட்சியும்

சொத்தைப் பல்லில் வெள்ளி அடைத்துக்கொண்டோர் நம்மில் பலர். பெயர்தான் வெள்ளி, அதில் ஏறக்குறையச் சரிபாதி பாதரசம். அது உடலுக்கு நஞ்சாகுமோ என்னும் வழக்கு மிகப் பழையது.

1833-இல் கிராக்கூர் சகோதரர்கள் இவ்விரசக்கலவையை நியூயார்க்கில் பரப்பினர். பொன் தகடு அடைத்துவந்த பல் வைத்தியர்கள் வெகுண்டனர். 1845-இல் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம், இதனைக் கையாளுவதில்லை என உறுப்பினரிடம் உறுதிமொழி கேட்டது. எளியோர்க்கும் கட்டுப்படியாகும் பொருளைக் கைவிடப் பலர் இசையவில்லை. 1850-இல் உறுதிமொழி நீங்கியது. 1856-இல் சங்கமே கலைந்தது. 1895-இல் ஜி.வி. பிளாக் உலோகங்களின் விகிதத்தைச் செம்மைப்படுத்தினார். கலவை உறுதிபெற்றது, நஞ்சா என்ற வினாவோ எஞ்சி நின்றது.

பின்னாளில் உயிரணுக்களே சாட்சிகளாயின. பல்லின் வேர்முனையை அடைக்கையில் உலோகம் தாடை எலும்பையே தொடுமன்றோ? ஆதலின் எலும்பை ஆக்கும் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, உலோகம் ஊறிய நீரை அவற்றின்மேல் வார்த்து, பிழைத்தவற்றைக் கணக்கிட்டனர். புதிதாய்க் குழைத்த கலவை அவற்றை மிகவும் வாட்டியது. இறுகி நாட்பட்டது குறைவாகவே வாட்டியது.

எனினும் தட்டு வேறு, வாய் வேறு. பழுதின்றி இருக்கும் அடைப்பை அச்சத்தால் பெயர்த்தெடுத்தால், அப்போது எழும் பாதரச ஆவியே நம்மை அடையும். மண்ணும் நீரும் மாசுறுதல் கருதி 2013-இன் மினமாட்டா உடன்படிக்கை இதன் உபயோகத்தைக் குறைக்கச் சொல்கிறது. அன்று உறுதிமொழியால் தீராத வழக்கைச் சோதனையே நிதானமாகத் தெளிவித்து வருகிறது என்பதை நாம் உணர்தல் நலம்.