ஷெர்மனை எந்தக் கணக்கில் வைப்பது?

அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதிகளில் அதிகம் வசைபாடப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் டெகும்சே ஷெர்மன். 1864 நவம்பரில் அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, சுமார் 60,000 வீரர்களுடன் ஜார்ஜியாவைக் குறுக்கே கடந்து, டிசம்பரில் சவானா துறைமுகத்தைப் பிடித்தார். வழியில் தண்டவாளங்களைப் பிடுங்கிச் சூடேற்றி முறுக்கிப் போட்டது அவர் படை. பஞ்சுக் கிடங்குகள் எரிந்தன. ஆடு, மாடு, தானியம் எல்லாம் படையின் வயிற்றுக்குப் போயின. தென்மாநில வெள்ளையர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அழுதார்கள்.

அந்த அழுகையைக் கேட்கும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. எரிந்த பஞ்சைப் பறித்த கைகள் யாருடையவை? 1860 கணக்கெடுப்பில் ஜார்ஜியாவில் மட்டும் 4,60,000க்கு மேற்பட்டோர் அடிமைகள். அவர்களுக்கு அந்தப் படை வந்தது விடுதலை வந்ததுதான். ஆயிரக்கணக்கானோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள்.

அப்படியானால் ஷெர்மன் நம் ஆளா? அவசரப்பட வேண்டாம். அடிமைமுறையை ஒழிக்க வாளெடுத்தவர் அல்ல அவர். நாட்டைப் பிரியவிடக் கூடாது என்பதற்காகப் போரிட்டவர். கறுப்பின வீரர்களைத் தன் படையில் சேர்க்க மறுத்தவர். பின்னால் வந்த மக்கள் அவருக்குச் சுமை.

1864 டிசம்பர் 9, எபெனேசர் ஓடை. ஷெர்மனின் கீழ் 14ஆவது படைப்பிரிவை நடத்தியவர் ஜெபர்சன் சி. டேவிஸ் (எதிரணி அதிபரும் இதே பெயர்க்காரர், ஆள் வேறு). வீரர்கள் கடந்ததும் மிதவைப் பாலத்தை எடுத்துவிடச் சொன்னார். மக்கள் மறுகரையில். முதுகுக்குப் பின்னால் எதிரியின் குதிரைப்படை. குளிர்ந்த நீரில் குதித்தவர்களில் பலர் மூழ்கினார்கள், பிடிபட்டவர்கள் மீண்டும் அடிமைகளானார்கள். டேவிஸ் தண்டிக்கப்படவில்லை; ஷெர்மன் அவரை ஆதரித்தே பேசினார். ஜார்ஜியாவில் ஏற்படுத்திய சொத்துச் சேதத்தை 10 கோடி டாலர் என்று மதிப்பிட்ட மனிதர் அவர். ஓடையில் போன உயிர்களுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

கறுப்பின மக்களை அவர் நடத்தும் விதம் பற்றிய புகார் வாஷிங்டன் வரை போனது. போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டன் சவானாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12 அன்று 20 கறுப்பினத் திருச்சபைத் தலைவர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயது காரிசன் ஃபிரேசியர். 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். அவர் சலுகை கேட்கவில்லை, நிலம் கேட்டார். சொந்த உழைப்பில் பயிரிட்டு, பிறகு விலைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

நான்கே நாளில் ஷெர்மன் 15ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஃபுளோரிடா வரையிலான கடற்கரை நிலம், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். ஆணையில் கையெழுத்து ஷெர்மனுடையது, கோரிக்கை ஃபிரேசியருடையது. பாடநூல்கள் முதல் பெயரைத்தான் சொல்லும்.

ஆனால் பட்டா உறுதியாகவில்லை. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளை மன்னித்து, அதே ஆண்டிலேயே நிலத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். ஷெர்மனோ, அது போர்க்காலத் தற்காலிக ஏற்பாடுதான் என்று ஒதுங்கிக்கொண்டார். பிறகு மேற்கே போய், சியூ மக்களை ஆண், பெண், குழந்தை பாராமல் அழிக்கும் அளவுக்குப் போக வேண்டும் என்று எழுதியதும் இதே மனிதர்தான். டெகும்சே என்பது ஒரு பூர்வகுடித் தலைவரின் பெயர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1873இல் சோதிராவ் புலே 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். மக்களுக்கு, எந்தத் தளபதிக்கும் அல்ல. நாமும் அந்தப் பக்கமே நிற்கிறோம். ஷெர்மனின் படை சங்கிலியை அறுத்தது உண்மை, அதை மறுக்கத் தேவையில்லை. அதற்காக அவர் படத்துக்கு மாலை போடவும் தேவையில்லை.

1865 அக்டோபரில் தளபதி ஹோவர்ட் எடிஸ்டோ தீவுக்குப் போய், நிலத்தை விட்டு வெளியேறுங்கள், முதலாளிகளை மன்னியுங்கள் என்றார். தீவு மக்கள் மூவர் குழு அமைத்து அவருக்கு மனு எழுதினார்கள். தன்னை மரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தவனை, இப்போது தன்னை நிலமில்லாதவனாக்கி ஆள நினைப்பவனை எப்படி மன்னிப்பது என்று கேட்டிருந்தார்கள்.