பெயரில்லா நடுகல்: சயாம் ரயில்பாதையும் தோட்டத் தமிழரும்



லுக்குட் ஈய வயல்களால் எழுந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ராஜா ஜுமாஅத் கட்டிய கோட்டையின் எச்சத்தை இன்றும் குன்றின்மேல் காணலாம். ஈயம் ஓய்ந்தபின் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர் வந்தனர். லுக்குட், ரந்தாவ், சிலியாவ், லிங்கி எனப் பரந்த தோட்டங்களில் லயங்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் தோன்றின. இம்மக்கள் கண்ட ஒரு போரின் உயிர்விலையே நம் பொருள். அப்போர் அவர்கள் தொடுத்ததன்று. அவர்களைக் கேட்டுத் தொடங்கியதுமன்று. அதில் மாண்டோரின் சாவை எந்தப் பயனாவது நியாயப்படுத்துமா என்பதே நம் வினா.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கடல் கடத்தி வந்த துரைமார் சென்றுவிட்டனர். வந்த மக்கள் எஞ்சினர். ரப்பரை வாங்குவோர் இல்லாததால் பால் வெட்டு நின்றது. கூலி நின்றது. பர்மாவிலிருந்து வந்த அரிசி அருகியது. மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று, சாக்கு உடையாயிற்று. தோட்டத்து மூத்தோர் 'ஜப்பான்காரன் காலம்' என்று ஒரே தொடரில் சொல்வது இவற்றையெல்லாம்தான்.

இந்நிலையில்தான் சயாமில் வேலை என்ற அறிவிப்பு வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு, உறைவிடம், இலவசப் பயணம் என்றனர். பசித்தோர் சிலர் தாமே பெயர் கொடுத்தனர். அது போதாதபோது தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கிட்டுக் கிராணிமார் வழியாகவும் கங்காணிமார் வழியாகவும் திரட்டினர். பின்னர் கண்ட இடத்தில் ஆள் பிடித்தனர். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு அவர்கள் வடக்கே சென்றனர்.

தாய்லாந்தின் பான் பொங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. 1942 நடுவில் தொடங்கிய பணி 1943 அக்டோபர் 17 அன்று இருமுனையும் சேர முடிந்தது. கடல்வழி அஞ்சத்தக்கதானதால், பர்மாப் போர்முனைக்குப் படைப்பொருள் கொண்டுசெல்ல ஜப்பானியருக்கு நிலவழி வேண்டியிருந்தது. மழைக்காலத்திலும் வேலையை விரைவுபடுத்தினர். 1943இல் வாந்திபேதி முகாம்களைச் சூறையாடியது. போர்க்கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர். படைக்குரிய ஒழுங்கும் இருந்தது. குடும்பங்களாகவும் தனியராகவும் வந்த தோட்டத் தொழிலாளரிடம் இவை இல்லை. கொதிக்க வைத்த நீர் உயிர்காக்கும் என்று எடுத்துச் சொல்லவும் பல முகாம்களில் ஆளில்லை.

இப்பாதைக்குத் தண்டவாளமும் மலாயாவிலிருந்து சென்றது. கிழக்குக்கரைப் பாதையின் பகுதிகளும், நமக்கு அண்மையில் தம்பினையும் மலாக்காவையும் இணைத்த கிளைப்பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டன. மலாக்காக் கிளை மீண்டும் போடப்படவேயில்லை.

பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர்; இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய இடங்களில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. பெயர் தெரிந்தோருக்கெல்லாம் பெயர் பொறித்த கல் உண்டு. ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை இதனினும் மும்மடங்கு மிகும். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 78,000 எனவும், அவருள் இறந்தோர் ஏறத்தாழ 30,000 எனவும் எஞ்சிய பதிவுகள் சொல்கின்றன. உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பது பிழைத்து வந்தோர் கூற்று. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தமிழர்.

அப்பதிவுகளில் மற்றொரு பகுப்பும் உண்டு: 'ஓடிப்போனோர்', ஏறத்தாழ 24,000 பேர். மொழி பயின்றோர் இச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். படையைவிட்டு ஓடுதல் படைவீரனுக்குரிய குற்றம். படைவீரனல்லாத ஒருவனை, அவன் அறியாத காட்டில், நோயின் நடுவே காணவில்லை என்றால் அவனுக்கு இச்சொல் எவ்வாறு பொருந்தும்? அவருள் எத்தனை பேர் ஊர் சேர்ந்தனர், எத்தனை பேர் மூங்கிற்புதரில் மடிந்தனர் என்பதை இச்சொல் மூடிவிடுகிறது.

நம் சொற்களும் சில வேளை அவ்வாறே மூடுகின்றன. 'சயாமுக்குப் போனார்கள்' என்பது தன்வினை. போனவர் விருப்பம் அதில் தொனிக்கிறது. 'கொண்டுபோகப்பட்டார்கள்' என்பது செயப்பாட்டுவினை. துன்பம் தெரிகிறது, செய்தவர் தெரியவில்லை. 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்னும் பேச்சுவழக்கே எழுவாயைக் கேட்க வைக்கிறது: பிடித்தவர் யார்?

இனி வினாவுக்கு வருவோம். அப்போரின் உயிர்விலை வீண்போகவில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஐரோப்பியர் வெல்லற்கரியர் என்ற எண்ணம் 1942இல் உடைந்தது. 1947இல் இந்தியாவும் 1957இல் மலாயாவும் விடுதலை பெற்றன. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று, இத்தோட்டத்து ஆடவரும் மகளிரும் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தனர். லயத்தில் தலைகுனிந்து நின்றோர் அணிவகுத்து நிமிர்ந்தனர். இது பொய்யன்று, சிறிதுமன்று.

ஆயினும் இவ்வாதம் இரு வேறு சாவுகளை ஒன்றாக எண்ணுகிறது. தான் நம்பிய ஒன்றுக்காகத் தன்னுயிரைத் தானே கொடுப்பது ஈகம். பிறர் தம் நோக்கத்துக்காக ஒருவன் உயிரை எடுப்பது பலி. ஈகத்துக்குத் தருபவன் இசைவு வேண்டும். பலியாட்டை எவரும் கேட்பதில்லை. சயாமுக்குப் பிடிபடாதிருக்கவே படையில் சேர்ந்தோரும் உண்டு என்பதால் எல்லைக்கோடு எங்கும் தெளிவாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது: சாவு இருபுறமும் நிற்கையில் செய்யும் தேர்வை முழு இசைவு எனல் இயலாது.

போர் நியாயமானதா என்பது ஒரு வினா. போரில் சேராதவன்மேல் அதன் விலையைச் சுமத்தியது நியாயமா என்பது வேறு வினா. ஜப்பானை எதிர்த்தோர் பக்கம் அறம் இருந்தது என்று நாம் கொண்டாலும், விடுதலையைப் பெரும்பயன் என்று கொண்டாலும், இரண்டாம் வினாவுக்கு அவை விடையாகா. விலை கொடுத்தவர் ஒருவர், பயன் பெற்றவர் மற்றொருவர் எனில் அதனை 'விலை' என்பதே பிழைவழக்கு. மேலும், அப்பாதை கட்டியவர் நோக்கத்தையும் நிறைவேற்றவில்லை. 1944இல் இம்பால் முயற்சி தோற்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்-இந்தியப் படைகள் மோரிப்பிலும் நம் போர்ட் டிக்சன் கரையிலும் இறங்கின. பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. இன்று நாம் தோக் வரையிலான பகுதியிலேயே ரயில் ஓடுகிறது.

ஈடு செய்தலிலும் இதே வேற்றுமை. 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை போர்க்கைதிகளாயிருந்த படையினருக்கு ஈட்டுத்தொகைக்கு வழி செய்தது. தொழிலாளர் அதில் இடம்பெறவில்லை. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புள்ள பொருளும் பணியும் வழங்க இசைந்தது. அரசுகளுக்கிடையே கணக்கு முடிந்தது. கைம்பெண்ணின் லயத்துக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள் முதலாக வாழ்த்து ஈறாக முறை வகுக்கிறது. நடுகற் கல்வெட்டுகள் பலவற்றில் மாண்டவன் பெயரும் அவன் மாண்ட பூசலும் அரசன் ஆட்சியாண்டும் காணப்படும். யார், எப்போது, எதற்காக என்பன கல்லிற்குரிய வினாக்கள். 2023 மே மாதம் காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் விகாரையில் சயாமில் மாண்ட தமிழருக்கு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் கல் நின்றது. எப்போது என்பதற்கு விடை உண்டு. எதற்காக என்பதற்கு நாம் ஒப்பத்தக்க விடை இல்லை என்பதையே இவ்வளவும் காட்டின. யார் என்பதற்கு மட்டும் இன்னும் விடை தேட இயலும். முழுமையான பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை.

லுக்குட்டைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களோடு அண்டைவீட்டார் நினைவும் சிதறிவிட்டது. அக்காலத்தில் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தோரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதட்டும்: சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், பிடித்தவர் யார், திரும்பினாரா. சொல்பவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும், திருத்த வேண்டா. ஒரு வகுப்பில் ஒரு பெயர் கிடைத்தாலும் அந்தக் கல்லுக்கு ஒரு வரி கிடைத்ததாகும்.